கூண்டு கப்பலுக்கு... நமக்கு?

"ஏதோ புயல் வருதாமே... நாளைக்கு ஆபீஸ் உண்டா ஸார்?"

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறதோ இல்லையோ, எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி உருவாகிவிடும். ஒரு காலத்தில் வானிலை மைய இயக்குநர் ரமணன் டி.வி.யில் தோன்றினாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். 2016-ல் அவர் ரிட்டயர் ஆனபோது ரொம்பவும் கலங்கிப் போனது மாணவர் சமுதாயம்தான். இப்போது கவலை இல்லை. வாட்ஸ்அப்பில் தெருவுக்கு நாலு ரமணன்!

எங்கள் பக்கம் என்றால் குயிலாப்பாளையம். பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, பெரியமுதலியார்சாவடியில் இடது கைப் பக்கம் திரும்பி மேடு ஏறினால் எங்கள் ஊர். ஆரோவிலுக்கு வாசற்படி மாதிரி. கொட்டகைக்குப் பக்கத்தில் காபி ஷாப், காபி ஷாப்புக்குப் பக்கத்தில் மொபெட் வாடகைக் கடை, நடுவில் வழி கேட்டுக்கொண்டு நிற்கும் வெளிநாட்டுக்காரர். ரேஷன் கார்டு விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. ஆபீஸ், ஆஸ்பத்திரி, சினிமா எல்லாம் பாண்டிச்சேரி. அதாவது, அடியேன் தினமும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போய் வேலை பார்க்கிறவன். தூரம் என்னவோ 10 கிலோமீட்டர்தான்.

இந்த ஊர் டீக்கடையில் புயல் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருத்தர் கண்டிப்பாகக் கேட்பார்: "எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கான்?"

கேட்பவர் முகத்தில் ஒரு பரீட்சை ரிசல்ட் எதிர்பார்ப்பு. 3 என்றால், "ப்பூ... இவ்ளோதானா?" 7 என்றால் ஒரு மரியாதை. 10 என்றால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்.

இந்தக் கூண்டு விஷயத்தை ஒரு தடவை சரியாகத் தெரிந்துகொண்டால் நல்லது. கூண்டு ஏற்றுவது துறைமுகத்தில். சேதி கப்பலுக்கு. 1, 2 என்றால் புயல் சின்னம் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம். இதில் 5-க்கும் 6-க்கும் புயலின் பலத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதற்கான அடையாளம்தான் அந்த நம்பர். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே, அல்லது ஒட்டினாற்போல. 8, 9, 10 இதே கணக்குதான், ஆனால் பெரும் அபாயம். 11 இருக்கிறதே, அது இன்னும் விசேஷம். வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோச்சு, இனி உன் பாடு என்று கேப்டனுக்குச் சொல்கிற நம்பர்.

கப்பல் கேப்டனுக்கு இது உயிர் காக்கும் சேதி. திண்டிவனத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறவருக்கு?

சரி, கூண்டை விடுங்கள், 'புயல்', 'தீவிரப் புயல்' என்று ரேடியோவில் சொல்கிறார்களே, அது நமக்குத்தானே என்று கேட்கலாம். நமக்குத்தான். ஆனால் அந்தப் பட்டம் கொடுப்பது காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து. மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர் வரை வெறும் புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். 118-ஐத் தாண்டினால் மிகத் தீவிரப் புயல். மழை எத்தனை கொட்டும் என்பதற்கு அந்தப் பட்டத்தில் ஒரு மார்க்கும் கிடையாது.

இந்த ஒரு சமாசாரம் புரியாததால் விழுப்புரம் மாவட்டம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் ஊர் பக்கத்திலேயே வந்துபோன ரெண்டு புயலை எடுத்துக்கொள்வோம்.

'தானே' வந்தது... போனது

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் 'தானே' கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. பெயர் வைத்தது மியான்மர். "யாரும் கூப்பிடலை, தானே வந்துச்சு" என்று எங்கள் ஊரில் ரொம்ப நாள் ஜோக் அடித்தார்கள். கரை கடந்தபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். மிகத் தீவிரப் புயல்.

காற்றில் ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் சுவரின் மேல், கூரையின் மேல், மரத்தின் மேல் விழுகிற அழுத்தம் நாலு மடங்காகும். அதனால் 70-ல் சும்மா தலையாட்டிக்கொண்டிருக்கும் வேப்பமரம் 140-ல் வேரோடு கிளம்பிவிடுகிறது. அன்றைக்குக் காலையில் கதவைத் திறந்து பார்த்தால் தெருவைக் காணோம், ஸார்! மரத்தின் மேல் மரம். அதன் மேல் கரண்ட் கம்பம். கம்பத்தின் மேல் யார் வீட்டு ஷீட்டோ.

எங்கள் ஊரைச் சுற்றி முந்திரித் தோப்புகள். முந்திரிக்குக் கிளை அகலம், தழை அடர்த்தி. காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. படுத்துவிட்டது. தெற்கே பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சேர்ந்து போனது ஊரறிந்த கதை. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. முந்திரியை மறுபடி நட்டு நல்லபடியாகக் காசு பார்க்க ஆறேழு வருஷமாவது ஆகும். அந்த ஆறேழு வருஷத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர்கள் எத்தனை பேரோ.

ஆனால் எங்கள் ஊரை நிஜமாகவே பதம் பார்த்தது மரம் விழுந்தது அல்ல. தண்ணீர்! மழைத் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். குடிதண்ணீர். மேட்டு ஊர். போர்வெல்லில் மோட்டார் போட்டுத் தொட்டியில் ஏற்றினால்தான் குழாயில் வரும். கம்பம் சாய்ந்தது, மோட்டார் நின்றது, ரெண்டாம் நாள் தொட்டி காலி. சுற்றிலும் ஈரம், குடிக்க ஒரு குடம் கிடையாது. கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் குடங்கள் வரிசை கட்டின. செல்போனும் செத்துவிட்டதால், யார் எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று சைக்கிளில் போய்த்தான் விசாரிக்க வேண்டியிருந்தது.

'ஃபெஞ்சல்' வந்தது... உட்கார்ந்தது

அடுத்தது 2024. நடுவில் 2020 நவம்பர் 25 ராத்திரி 'நிவர்' வந்து புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அதுவும் மிகத் தீவிரம்தான். தானே அளவுக்குக் கஷ்டம் கொடுக்காமல் போய்விட்டது. அதனால் ஒரு தைரியம் வந்துவிட்டது மக்களுக்கு. அதுதான் வம்பு.

ஃபெஞ்சல் ஆரம்பத்திலிருந்தே 'வரும், ஆனா வராது' ரகம். புயலாகுமா, ஆகாதா என்று நாலு நாள் இழுத்தடித்தது. நவம்பர் 29 மத்தியானம்தான் ஒருவழியாகப் புயலானது. டி.வி. கேமராக்கள் அத்தனையும் மெரினாவில் நின்றன. ஆபீஸில் ஒரு நண்பர் சொன்னார்: "இதெல்லாம் ஒரு புயலா ஸார்? எண்பதுதானே!"

எண்பதுதான். நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைத் தொட்டபோது காற்று மணிக்கு 70 முதல் 80, இடையிடையே 90. பட்டியலில் கடைசிப் பெஞ்ச். ஆனால் கரைக்கு வந்தபிறகு மாப்பிள்ளை நகரவில்லை! மேலே இருந்து தள்ளிக்கொண்டு போகிற காற்று பலமாக இல்லாததால், புதுச்சேரி, விழுப்புரம் தலை மேலேயே பல மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பாதி உடம்பு கடல் பக்கம். ஆகவே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. உறிஞ்சி உறிஞ்சி ஊற்றியது.

ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல். மயிலத்தில் ஏறத்தாழ 50. விழுப்புரம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே சராசரி 100 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். வானிலைத் துறை கணக்கில் ஒரு நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே 'அதி கனமழை'. இது அதைப்போல ரெண்டு பங்குக்கும் மேலே. பாதி வருஷத்தை ஒரே ராத்திரியில் கவிழ்த்தால் என்ன ஆகும்? திண்டிவனத்தில் கிடங்கல் ஏரி வழிந்தது. மரக்காணத்தில் உப்பளம் முழுக்க ஏரியானது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட, ரயில்கள் நின்றன.

மேட்டில் இருந்த எங்கள் ஊர் தப்பித்தது. மழை விட்டது. எல்லோரும் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள்.

அப்புறம்தான் விவகாரமே! திங்கட்கிழமை காலையில் அரசூர் பக்கத்து ஆபீஸ் நண்பர் போன் பண்ணினார். "மழையே இல்ல ஸார். ஆனா இடுப்பளவு தண்ணி வருது. எங்கேர்ந்து வருதுன்னே புரியல!"

எங்கேயிருந்து? கிருஷ்ணகிரியிலிருந்து. கரையைக் கடந்த மிச்சம் உள்ளே போய், டிசம்பர் 1-ல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியிருந்தது. அத்தனையும் தென்பெண்ணையில் இறங்கி சாத்தனூர் அணைக்கு வர, 2-ம் தேதி விடியற்காலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிடப்பட்டது. அரசூர், இருவேல்பட்டு எல்லாம் மூழ்கின. சென்னை - திருச்சி சாலையே துண்டாகிப்போனது. அதே மழை, திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின் மேல் மண்ணைத் தள்ளி 7 உயிர்களைக் குடித்தது.

ஆக, காற்று 140 அடித்த புயலில் எங்கள் ஊர் படுத்தது. காற்று 80 அடித்த புயலில் எங்கள் ஊர் நின்றது, அரசூர் மூழ்கியது. டி.வி. சொல்கிற ஒரே நம்பர் ரெண்டு ஊருக்கும் ஒரே சேதி சொல்லுமா?

அதனால்தான் நான் இப்போதெல்லாம் புயல் செய்தியில் காற்று வேகத்தோடு இன்னொன்றையும் காது கொடுத்துக் கேட்கிறேன். 'மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது' என்று வாசிக்கிறார்களே, அதை. 15, 20 என்றால் அடித்துவிட்டு ஓடிவிடும். 5, 6 என்றாலோ, 'நகராமல் நிலைகொண்டுள்ளது' என்றாலோ ஏரிக்கரை ஓரம் வீடு கட்டியிருப்பவர் தூங்கக் கூடாது. கூடவே, சாத்தனூருக்கு மேலே எங்கே மழை என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே பஞ்சாயத்து... மூணு தலைவலி

எங்கள் ஊரில் மேட்டின் மேல் நின்றுகொண்டு நாலு பக்கமும் பாருங்கள். நாலைந்து கிலோமீட்டருக்குள்ளேயே ஆபத்து சட்டையை மாற்றிக்கொள்கிறது.

கிழக்கே கடல். இடையில் ரெண்டு மூணு கிலோமீட்டர்தான். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது கீழே இருந்த குப்பங்களுக்கு நேர்ந்தது மேட்டுக்கு நேரவில்லை. ஆனால் அந்தக் குப்பங்களுக்கு சுனாமி என்பது ஒரு நாள் வந்த வினை. வருஷம் பூரா வருகிற வினை ஒன்று உண்டு. எங்கள் கரையில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கேயிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே போகும். 1989 வாக்கில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை நீட்டினார்கள். தெற்கே மணல் தேங்கியது. வடக்கே வரவேண்டியது வரவில்லை. புதுச்சேரி பீச் போச்சு. கல்லைக் கொட்டினார்கள். உடனே அரிப்பு இன்னும் வடக்கே தள்ளிப்போய், தந்திராயன்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வீடுகளைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு காலத்தில் வலை காயப்போட்ட மணல் இப்போது கடலுக்குள். புயல் அலைக்கும் வாசற்படிக்கும் நடுவில் இருந்த மெத்தை போய்விட்டது. இங்கே ஒரு சாதாரணப் புயலே போதும்.

மேட்டிலே எங்கள் தலைவலி செம்மண். பழைய ஆட்கள் சொல்வார்கள், ஒரு காலத்தில் இங்கே ஒதுங்க நிழல் இல்லை, நல்ல மழை பெய்தால் ஓடை ஓடையாக மண் அரித்துப் போய்க் கடலே சிவக்கும் என்று. பக்கத்து இரும்பை கோயிலில் ஒரு சித்தர் கதை உண்டு. கடுவெளிச் சித்தர் கோபத்தில் சபித்ததால்தான் இந்த பூமி வறண்டதாம். சித்தர் பேரில் பழியைப் போட்டுவிட்டு மரத்தை வெட்டியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியபிறகு வந்தவர்கள் முதலில் செய்த வேலை, ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரப்பு போட்டதுதான். சரிவுக்குக் குறுக்கே மண்கரை, கரைக்குள்ளே மரம். சீக்கிரம் வளர ஆஸ்திரேலிய அக்கேசியா நிறைய நட்டார்கள். தானே புயலில் கொத்துக் கொத்தாகச் சாய்ந்ததும் அதுதான். பனை நின்றது. இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த காட்டு மரங்களும் பெரும்பாலும் நின்றன. எந்த மரத்தை வீட்டோரம் வைப்பது என்று இதைவிட விலை கொடுத்து ஒரு ஊர் பாடம் படிக்க முடியாது. முருங்கையைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அது எதிர்வீட்டுக்காரர் தும்மினாலே விழும்!

வடக்கேயும் மேற்கேயும் ஏரிகள். வானூர், திண்டிவனம், மரக்காணம் பக்கத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வழியவிட்டு, கடைசியில் கழுவெளியில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கடலுக்குப் போகிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்களே, அதே கழுவெளிதான். கணக்குப் பிசகாத சங்கிலி. ஆனால் ஒரு ஏரியின் கலங்கல் அடைபட்டாலோ, போக்கு வாய்க்காலில் யாராவது பிளாட் போட்டாலோ, தண்ணீர் சங்கிலியை விட்டுவிட்டுத் தெருவுக்குள் வரும். மனை வாங்கப் போகிற இளைஞர்களே, பத்திரத்தில் வில்லங்கம் பார்க்கிற மாதிரி, "இந்த இடத்துக்கு மேலே எந்த ஏரி, அதன் கலங்கல் எந்தப் பக்கம்?" என்று ஊரில் ஒரு பெரியவரைக் கேளுங்கள். புரோக்கரைக் கேட்காதீர்கள். அவர் ஏரியையே 'லேக் வியூ' என்பார்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு போன்

"நான் சென்னையில ஆபீஸ்ல இருக்கேன், ஊர்ல அம்மா அப்பா மட்டும்தான். நான் இங்கேர்ந்து என்ன பண்ண முடியும்?" இப்படிக் கேட்கிறவர்கள் நல்லவாடு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்லவாடு, புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. கடல் நிலவரம், அலை உயரம் எல்லாம் ஒலிபெருக்கியில் தினமும் சொல்வார்கள். சுனாமி அன்று அந்த ஊர்ப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். இந்தோனேஷியாவில் பூகம்பம், கடல் பொங்குகிறது என்று டி.வி.யில் பார்க்கிறான். வீட்டுக்குப் போன் போடுகிறான். இங்கே ஏற்கெனவே தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது என்கிறார்கள். "எல்லாரும் ஓடுங்க, ஊரையே ஓடச் சொல்லுங்க!" என்பதுதான் அவன் பேச்சின் சாரம். ஞாயிற்றுக்கிழமை, மையம் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்தார்கள். மைக்கைப் பிடித்தார்கள். 3,500-க்கும் மேற்பட்ட ஜனங்கள் வெளியேறினார்கள். படகு போனது, வீடு போனது. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. அதே காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

இதில் நான் கவனிப்பது போனை மட்டுமல்ல. போன் செய்ய வெளிநாட்டில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அந்த ஊரில் ஒரு மைக் இருந்தது, மைக் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பூட்டை உடைக்க யாரும் யாரிடமும் பர்மிஷன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

பங்களாதேஷ்காரர்கள் இதை ஒரு தேசத்துக்கே பழக்கிவிட்டார்கள். 1970 புயலில் அங்கே 3 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு கரையோர கிராமங்களில் தொண்டர் படை அமைத்தார்கள். கொடி, கையில் பிடிக்கும் மெகாபோன், சைக்கிள். அவ்வளவுதான் சாமான். 2007-ல் 'சிட்ர்' வந்தபோது மேட்டுக் கட்டடங்களும் முன்னெச்சரிக்கையும் சேர்ந்ததில் சாவு மூவாயிரத்துச் சொச்சத்தோடு நின்றது. அதுவும் பெரிய துக்கம்தான். ஆனால் மூணு லட்சம் எங்கே, மூவாயிரம் எங்கே!

நம்மிடமும் 'ஆப்த மித்ரா' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 18-லிருந்து 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 12 நாள் பயிற்சி. கயிறு கட்டுவது, முதலுதவி, நீரில் மீட்பது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஜிம்முக்குப் போய் வளர்த்த கைக்கு ஒரு உபயோகம் வேண்டாமா?

சனிக்கிழமை வேலை

எங்கள் தெருவில் நாங்கள் நாலைந்து பேர் புரட்டாசி கடைசியில் ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது. கம்பி மேல் உரசும் கிளை எது என்று பார்த்து ஈ.பி. ஆட்களிடம் சொல்லிவிடுவோம். (கரண்ட் கம்பி பக்கத்துக் கிளையை நாமே வெட்டுவது வீரம் இல்லை, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுக்குச் செய்யும் துரோகம்.) ஷீட் கூரைக்கு ஆணி அடித்திருந்தால் எடுத்துவிட்டு ஜே போல்ட் போடச் சொல்வோம். கூரையை மேலேயிருந்து காற்று அமுக்கித் தள்ளுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். நிஜத்தில், கூரைக்கு மேலே பாய்கிற காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். கீழேயிருந்து புகுந்த காற்றும் தூக்கும். ஆணி உருவிக்கொண்டு வந்துவிடும். வளைந்து பிடித்த போல்ட் அவ்வளவு சுலபத்தில் விடாது. கீற்றுக் கொட்டகைக்குக் குறுக்கே கயிறு போட்டு நாலு மூலையிலும் முளையடித்துக் கட்டினாலே பாதி பயம் போச்சு.

புயல் அறிவிப்பு வந்ததும் முதல் வேலை, கரண்ட் இருக்கும்போதே தொட்டி, டிரம், அண்டா, குக்கர் வரை தண்ணீர் பிடித்துவிடுவது. தானே கற்றுக்கொடுத்த பாடம். ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக் ஒரு பாலிதீன் பையில். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பத்து நாள் மாத்திரை. காற்று சட்டென்று நின்று வானம் வெளுத்தால் புயலின் கண் தலைக்கு மேலே நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். செல்ஃபி எடுக்க வெளியே வந்தவன் கதி அதோ கதிதான்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், விருந்தாளிகள். நவம்பர், டிசம்பரில்தான் தங்கும் விடுதிகள் நிரம்பி வழியும். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, வடகிழக்குப் பருவமழையும் தெரியாது. "மழையில் பீச் அழகாக இருக்குமாமே?" என்று வழி கேட்பார்கள். வாடகை வண்டிக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். சிவப்பு எச்சரிக்கை அன்றைக்கு வண்டி கிடையாது.

எல்லை ஊர் என்பதால் இன்னொரு கூத்தும் உண்டு. ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு விழுப்புரம் மாவட்டத்துக்கு ரேஷன் கார்டு ஒன்றுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. புதுச்சேரி அரசு அறிவித்தது 5,000. ஆபீஸில் எனக்கும் பக்கத்து மேஜைக்காரருக்கும் ஒரே மழை, ஒரே கசிவு, நடுவில் 3,000 ரூபாய் வித்தியாசம்! "உங்க மாநிலத்து மழை கொஞ்சம் மட்டம்போல" என்று அவர் சொல்லிக் காட்டுகிறார். சிரித்துவிடலாம். ஆனால் மழை எச்சரிக்கையில் 'புதுச்சேரி' என்று வாசித்தால் எங்கள் ஊரில் சிலர் "அது பாண்டிக்குச் சொல்றான்" என்று காதை மூடிக்கொள்கிறார்கள். சிரிக்க முடியாத சமாசாரம் அது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. மேகத்துக்கு இந்த எல்லைக் கணக்கெல்லாம் தெரியாது.

எங்கள் தெருவில் இப்போது ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. டீக்கடை கல்லாப் பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்கும். எழுந்து நடக்க முடியாதவர்கள் யார் யார், கர்ப்பிணிகள் யார், யார் வீட்டில் ஜெனரேட்டர், மரம் அறுக்கும் மிஷின் யாரிடம், கோயில் மைக் செட் சாவி எந்த வீட்டில், ஊருக்குப் போன் போட வேண்டிய வெளியூர்ப் பிள்ளைகளின் நம்பர்... எல்லாம் அதில். போன வாரம் போய்ப் பார்த்தேன். மூணாம் பக்கத்தில் யாரோ வடை பாக்கிக் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். கடைக்காரரிடம் சொன்னேன்.

"அதுவும் அவசரத்துக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியதுதானே ஸார்!" என்றார். அடுத்த பக்கத்தில் மைக் செட் சாவிக்காரர் வீடு மாறியதைத் திருத்தி எழுதிவிட்டு, என் பாக்கி பன்னிரண்டு ரூபாயையும் கொடுத்துவிட்டு வந்தேன்.